மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் இடையில்

யாழ்ப்பாணத்துக்கு நான் போனது கலியாணம் கட்ட. ஆனால் அங்கே நின்ற நாட்களில் என் முகத்தைப் பார்த்துக் கதைத்த ஆட்கள் குறைவு. எல்லாரும் என் வலது காலைப் பார்த்துத்தான் கதைத்தார்கள்.

எந்த வழியால் போனேன், எங்கே ஏறி எங்கே இறங்கினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தொண்ணூற்றைந்தின் தொடக்கம். சண்டை சில மாதம் நின்றிருந்தது. அந்த நாட்களில் போனவர்களுக்கு வழி தெரியும். போகாதவர்களுக்குச் சொன்னால் புளுகு என்பார்கள். ஜேர்மனியில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். லீவு ஒரு மாதம். அதற்குள், அக்கா படம் அனுப்பிப் பேசி வைத்திருந்த வதனி என்ற பெண்ணை நேரே பார்த்து, இரண்டு பக்கமும் சம்மதமென்றால் தாலியைக் கட்டிவிட்டுத் திரும்பவேண்டும். எனக்கு வயது முப்பத்தாறு. இது குழம்பி இன்னொன்று பேசி வருமட்டும் பொறுத்திருக்க என் தலையில் மயிர் காணாது.

இனிக் கால். வலது பாதத்தில் மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் இடையில், அடிப்பக்கமாக, ஒரு வருடமாக நோ. சப்பாத்துக்குள் சின்னக் கல் ஒன்று கிடப்பது மாதிரி இருக்கும். கழற்றி உதறினால் கல் இராது. திரும்பப் போட்டுக்கொண்டு நடந்தால் கல் வந்துவிடும். பிறகு பச்சைமிளகாய் தேய்த்தது மாதிரி எரியும். கடைசியில் அந்த இரண்டு விரலும் விறைத்து, ஆரோ ஒருவரின் விரல் மாதிரி ஆகிவிடும்.

டொக்டரிடம் போகாமல் இல்லை. ஜேர்மனியில் இரண்டு பேரிடம் காட்டினேன். ஆனால் டொக்டரின் அறைக்குள் சப்பாத்தோடு போக எங்கடை ஆட்களுக்கு மனம் வருமோ? கோயில், வீடு, டொக்டர் மூன்றுக்கும் ஒரே சட்டம்தான். வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு காத்திருப்பேன். முதல்தரம் அங்கிருந்த தாதி என் காலைப் பார்த்துவிட்டு, "மருந்துக்கு வந்தீர்களா, குடியிருக்க வந்தீர்களா?" என்று கேட்டாள். சப்பாத்தைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் நோ அடங்கிவிடும். ஆகவே என் முறை வரும்போது எனக்கு ஒரு குறையும் இராது. ஒரு டொக்டர் யூரிக் அமிலம் என்று சொல்லி இறைச்சியை நிறுத்தினார். மற்றவர் மனக்கவலை என்றார். கலியாணம் கட்டாத ஆளுக்கு மனக்கவலை இருப்பது நியாயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் நாள் உடுப்பிட்டியில் அக்கா வீட்டில் விடிந்தது. கரண்ட் இல்லை. அது போய் வருடக்கணக்கு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் ஒரு வீடே படித்து, சமைத்து, சண்டையும் பிடித்தது. காலமைச் சாப்பாடு குரக்கன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். சீனிக்குத் தட்டுப்பாடு. பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறுந்தேத்தண்ணி குடித்தோம். ஜேர்மனியில் கோப்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிஸ்கற் வைப்பார்கள். பனங்கட்டிக்கு முன்னால் அதெல்லாம் கடதாசி.

என் வேலையிடத்துச் சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கறுப்பு, மினுமினுப்பு, கூர்மூக்கு. அடுப்படியிலிருந்து என்னைப் பரிமாற விட்டபோது, வேலையை விட்டுப் போன ஒருவன் அலுமாரியில் போட்டுவிட்டுப் போனதை எனக்குத் தந்தார்கள். ஓர் அளவு சின்னன். ஆனால் ஓசி. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமோ?

"அக்கா, பொம்பிளை வீட்டுக்கு அத்தானின்ரை செருப்போடை வாறனே," என்றேன்.

"விசரே உனக்கு? ஜேர்மனி மாப்பிளை ரப்பர்ச் செருப்போடை போறதோ? சனம் சிரிக்கும். பேசாமல் சப்பாத்தைப் போடு."

அக்காவோடு வாதாடி வென்ற மனிதர் உலகத்தில் இல்லை. அத்தான் அதற்குச் சாட்சி.

அடுத்த நாள் மருதனார்மடத்துக்குக் கிட்ட இருந்த பெண் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். அத்தான் ஒரு கார் பிடித்து வந்தார். அதற்கு என்னைவிட வயது கூட. ஓடுவது மண்ணெண்ணெயில். ஆனால் எழுப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். டிரைவர் ஒரு சேலைன் போத்தலில் பெற்றோலைத் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுவது மாதிரித் துளித்துளியாக விட்டார். கார் இருமிக்கொண்டு எழும்பியது. பின்னால் சைக்கிளில் வந்தவர்களும் இருமினார்கள். ஜேர்மனியில் ரயில் கொஞ்சம் பிந்தினால் மன்னிப்புக் கேட்பார்கள். எங்கள் டிரைவர் மருதனார்மடச் சந்திக்கு ஒரு மைல் இருக்கக் காரை நிப்பாட்டிவிட்டு, "இனி உது வராது," என்று மட்டும் சொன்னார்.

ஆகவே நடை. அந்த ஒரு மைலில் கல் வந்தது, எரிவு வந்தது, சந்தைக்குள் நுழையும்போது விறைப்பும் வந்துவிட்டது. ஒரு மீன்காரர் என்னைப் பார்த்து, "மாப்பிளை, காலிலை என்ன ஆணியோ?" என்று கூப்பிட்டார். அவருடைய ஊர் மயிலிட்டி. ஆமி பிடித்து வைத்திருந்த அந்தக் கரைக்கு அப்போது ஒருவரும் போக ஏலாது. ஆனபடியால் வேறு கரை மீனை வைத்துக்கொண்டு, மயிலிட்டி மீனின் ருசியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் மாப்பிள்ளை என்று அவருக்கு ஆர் சொன்னது? சந்தைக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து, நான் அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கல்வரை காலை இழுத்து நடப்பதை ஒன்றும் விடாமல் பார்த்தார்.

அந்த அம்மாதான் வதனியின் பெரியம்மா. அவர் குறுக்கு ஒழுங்கையால் எங்களுக்கு முன்னமே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு விறாந்தையில் இருந்தோம். வதனி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். படத்தில் இருந்ததைவிட வடிவு. அவளோ என் முகத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்த தலை குனிந்தபடி என் கால் விரல்களைத்தான் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

"தம்பியைச் சந்தையிலை கண்டனான். கால் இழுத்தல்லே நடந்தவர்?" என்றார் பெரியம்மா.

நான் வாயைத் திறக்கமுன் அக்கா முந்திவிட்டா. "ஐயோ, அது ஒண்டுமில்லை. ரெண்டு விரல் விறைச்சுப் போகுதாம். அவ்வளவுதான்."

பெரியம்மா வதனியின் அம்மாவைப் பார்த்தார். எங்கள் ஊரில் காயமும் இல்லாமல் அடியும் இல்லாமல் விரல் விறைக்கிறது என்றால், சனத்துக்கு ஒரே ஒரு வருத்தம்தான் ஞாபகம் வரும். அதன் பெயரை ஆரும் சொல்லமாட்டார்கள். வதனியின் அம்மா சிரித்த முகத்தோடுதான் எங்களை வழியனுப்பினார். படலையடியில் திரும்பிப் பார்த்தேன். நான் குடித்த கோப்பை மட்டும் கிணற்றடிக் கல்லில் தனியே கிடந்தது.

எனக்கு அது குத்தியது. அன்று பின்னேரம் முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

மற்ற நாள் காலமை ஓர் இளம் பொடியன் சைக்கிளில் உடுப்பிட்டிக்கு வந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடது பெடலில் ரியூப் துண்டைக் கட்டி, அதற்குள் பாதத்தைச் செருகி, ஒரே காலால் மிதித்தும் இழுத்தும் அவ்வளவு தூரம் வந்திருந்தான். ஊன்றுகோலைப் பாரில் கட்டியிருந்தான். வதனியின் தம்பி, பெயர் தவம். தோட்டத்துக்குப் போகிற வழியில் மிதிவெடி. நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவன் வீட்டில் இல்லை.

"அண்ணை, ஒளிச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது," என்றான். "பெரியம்மா குட்டம் எண்டு சொல்லிப்போட்டா. அம்மா ஒரே அழுகை. ஏற்கெனவே நான் ஒருத்தன் இப்பிடி வீட்டிலை. வதனியக்கா ஒண்டும் சொல்லேல்லை."

"நீர் என்ன நினைக்கிறீர்?"

"நான் நினைச்சு என்ன? டொக்டர் சொன்னா நம்புவினம். இண்டைக்கு நானும் அவரிட்டைத்தான் போறன். வெளிக்கிடுங்கோ."

அத்தானின் சைக்கிளில் நான், தன்னுடையதில் அவன். குதிக்காலால் மிதித்தால் எனக்கு நோகாது. ஆனால் வருடக்கணக்கில் சைக்கிள் ஓடாத உடம்பு. முதல் வளைவிலேயே அவன் என்னை முந்திவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தியிலும் நின்று எனக்காகக் காத்திருந்தான். கூர்மூக்குச் சப்பாத்தோடு நான் வியர்த்துக் கொட்டி வந்து சேர, "மெல்ல வாங்கோ அண்ணை, அவசரமில்லை," என்பான்.

டொக்டர் ஓய்வுபெற்றவர். தன் வீட்டு விறாந்தையில் ஒரு திரைச்சீலை தொங்கவிட்டு ஆட்களைப் பார்த்தார். வாசலில் வரிசையாகச் செருப்புகள். என் கூர்மூக்குச் சப்பாத்து அந்த வரிசையில் பேரப்பிள்ளை கலியாணத்துக்கு வந்த கனவான் மாதிரி மினுங்கியது. பக்கத்தில் தவத்தின் ஒற்றைத் தோல் செருப்பு. நாங்கள் வாங்குப் பலகையில் குந்தினோம். அங்கே கை கட்டுப்போட்டவர்கள், கால் இல்லாதவர்கள், காய்ச்சல்காரப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் நான் ஒரு விரலிடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். எழும்பி ஓடலாமா என்றிருந்தது.

"உங்களுக்கு எந்த இடத்திலை அண்ணை?" என்று தவம் கேட்டான். தொட்டுக் காட்டினேன்.

"எனக்கும் உந்த இடம்தான்."

"எந்தக் காலிலை?"

"இல்லாத காலிலை."

பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"எரியேக்கை என்ன செய்வியள்?" என்றான்.

"தண்ணி ஊத்துவன். கொஞ்சம் அடங்கும்."

"உங்களுக்கு ஊத்த இடமிருக்கு," என்றான்.

எங்கள் இரண்டு பேரையும் டொக்டர் ஒன்றாகக் கூப்பிட்டார். தவம் சொன்னதைக் கேட்டுவிட்டு, என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் உடம்பெல்லாம் தொட்டார். முழங்கை நரம்பைத் தடவினார். தோலில் தேமல் உண்டா என்று பார்த்தார்.

"குட்டமில்லை. ஆர் சொன்னது?"

"என்ரை பெரியம்மா," என்றான் தவம்.

"அவ எங்கை படிச்சவ?"

பிறகு பாதத்தைப் பார்த்தார். "இப்ப நோகுதோ?"

"இல்லை ஐயா. டொக்டரிட்டை வந்தால் நோகிறேல்லை."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். மனக்கவலை என்று இவரும் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்போது வெளியே கூச்சல். "ஐயோ, ஜேர்மன் சப்பாத்துப் போகுது! பிடி, பிடி!" டொக்டரின் நாய் என் வலது சப்பாத்தைக் கவ்விக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. காய்ச்சல்காரர் உட்பட எல்லாரும் பின்னால் ஓடினார்கள். தவம் வாசலில் நின்று ஊன்றுகோலை நீட்டி மறிக்க, நாய் சப்பாத்தைப் போட்டுவிட்டுக் குரைத்தது. அவன் அதைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"உது ஆரின்ரை?" என்றார் டொக்டர்.

"என்ரை."

"உம்மடை காலுக்கோ?" அதை வாங்கிக் கவிழ்த்து, அடியை என் பாதத்தோடு பிடித்துப் பார்த்தார். என் பாதம் இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. "உதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிக்கிறனீரோ?"

"ஓம்."

அவர் தன் கையால் என் முன்பாதத்தை இரண்டு பக்கத்தாலும் நெரித்தார், சப்பாத்து நெரிக்கிற மாதிரி. மற்றக் கைப் பெருவிரலால் அந்த இடுக்கின் அடியில் அமத்தினார். உள்ளே 'டிக்' என்று ஏதோ வழுகியது. நான் போட்ட சத்தத்தில் நாய் குரைப்பதை நிறுத்தியது.

"இதுதான் உம்மடை கல்லு," என்றார். "விரலுக்குப் போற நரம்பு. ரெண்டு எலும்புக்கு நடுவிலை நெரிபட்டு நெரிபட்டுத் தடிச்சு முடிச்சாப் போச்சு. ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் பிடிக்கேல்லை?"

"சப்பாத்தை வாசலிலை கழட்டிப்போட்டுத்தான் போறனான் ஐயா."

"நல்ல பழக்கம்," என்றார். "வருத்தத்தை வெளியிலை விட்டிட்டு, காலை மட்டும் உள்ளுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு வருட இறைச்சி போய்விட்டதே! "வெட்டி எடுத்துவிடுங்கோ ஐயா, துலையட்டும்," என்றேன்.

"வெட்டலாம். ஆனா அறுந்த நரம்பு திரும்ப முளைக்கப் பாக்கும். போக வழியில்லாட்டில் நுனியிலை சுருண்டு இன்னொரு முடிச்சுப் போடும். உவரைக் கேளும்." தவத்தைக் காட்டினார். "உவருக்கும் அதுதான். கால் போன சங்கதி நரம்புக்குத் தெரியாது. அது இன்னும் விரலைத் தேடிக்கொண்டிருக்கு."

மேசையில் ஒரு சின்ன மருந்துக் குப்பி இருந்தது. அதைக் கையில் எடுத்தார். "விறைப்பு மருந்து இவ்வளவுதான் கிடக்கு. உமக்குச் சப்பாத்தை எறிஞ்சாக் காணும். உவருக்கு எறிய ஒண்டுமில்லை." ஊசியைத் தவத்தின் முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த மொழியில், அவன் தொட்டுக் காட்டிய இடத்தில் போட்டார். பிறகு பழைய சைக்கிள் ரியூபை வெட்டி மடித்து, என் பாதத்தின் அடியில் பிளாஸ்டரால் ஒட்டினார். "விரலுக்குக் கீழை இல்லை, கொஞ்சம் பின்னுக்கு. அப்பதான் எலும்பு விலகி நரம்புக்கு இடம் விடும். அகலச் செருப்புப் போடும். அதுக்குப் பிறகும் நோகுதெண்டால் வெட்டுறதைப் பற்றிக் கதைப்பம்."

வெளியே வந்து தவம் வாங்கில் சரிந்தான். அப்படியே நித்திரையாகிவிட்டான். அவன் நல்லாய் நித்திரை கொண்டு கனகாலமாம், பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். நான் எழுப்பவில்லை. அதற்கிடையில் நாய் திரும்பவும் வந்து, விட்ட வேலையை முடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழும்பியதும் வதனி வீட்டுக்குப் போனோம். நான் வெறுங்காலோடு. தவம் தாயிடம், "குட்டமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. சப்பாத்துச் சின்னன்," என்று சொன்னான். பெரியம்மா நம்பின மாதிரித் தெரியவில்லை. அவன் உள்ளே போய், அலுமாரிக்குக் கீழே கடதாசியில் சுற்றிக் கிடந்த ஒன்றை எடுத்து வந்தான். வலது கால் செருப்பு. தோல், நல்ல அகலம், இன்னும் புதுசு மாதிரி. அவன் போட்டிருந்த தேய்ந்த இடது செருப்பின் சோடி.

"சொல்லி அடிப்பிச்சு வாங்கி, கால் போகமுன் ரெண்டு கிழமைதான் போட்டனான். அண்டைக்குத் தோட்டத்துக்கு வெறுங்காலோடை போனனான்," என்றான். "எறிய அம்மா விடேல்லை. போட்டுப் பாருங்கோ அண்ணை."

எனக்குக் கை வரவில்லை. "வேண்டாம்," என்றேன். 

"நடந்து காட்டும் தம்பி," என்றார் தாய்.

போட்டேன். முற்றத்தில் சந்தைக்கு வந்த மாடு மாதிரி அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் நடந்தேன். கல் வரவில்லை. கால் இழுக்கவில்லை. பெரியம்மா என் நடையைப் பார்த்தார். தாய் என்னைப் பார்க்கவில்லை. அந்தச் செருப்பு முற்றத்தில் நடப்பதைத்தான் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி போடு பிள்ளை," என்று உள்ளே குரல் கொடுத்தார். இந்தமுறை கோப்பைகள் எல்லாம் ஒரே தட்டில் வந்தன.

வதனி என்னோடு முதன்முதல் கதைத்தது அப்போதுதான். கதவு நிலையோடு நின்று, "மற்றச் சப்பாத்தையும் அந்த நாய்க்கே குடுத்துவிடுங்கோ," என்றாள். அன்பு என்றால் எப்படியிருக்கும் என்று படங்களில் வேறுவிதமாகப் பார்த்திருந்தேன். ஆனாலும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

மிச்ச நாட்கள் வலது காலில் தவத்தின் தோல் செருப்பு, இடது காலில் அத்தானின் ரப்பர்ச் செருப்பு. அக்கா தலையில் கை வைத்தா. "சரி விடு, உந்தச் சப்பாத்தோடை உன்ரை சனியன் துலைஞ்சுது," என்று பிறகு தானே ஆறிக்கொண்டா.

கலியாணம் பெண் வீட்டுப் பந்தலில், காலமை முகூர்த்தம். பட்டு வேட்டியும் தலைப்பாவுமாகப் படலையடியில் போய் நின்றேன். எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். தவத்தால் குந்த ஏலாதென்று, ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார்கள். தவம் கேட்கவில்லை. ஊன்றுகோலை வேலியில் சாத்திவிட்டு, புது வேட்டியோடு நிலத்தில் இருந்தான். செம்பை வாங்கினான். முதலில் இடது கால். பிறகு வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் இடையில் மட்டும் கை படாமல், தண்ணீரை அப்படியே ஓடவிட்டான்.

"நோகுதோ அத்தான்?" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அதுவரை அவன் என்னை அத்தான் என்றதில்லை.

"இல்லை," என்றேன். கால் கழுவின தம்பிக்கு மாப்பிள்ளை போடுகிற மோதிரத்தை அவன் விரலில் போட்டேன். போடும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. டொக்டரின் மருந்து வேலை செய்தது ஒரு நாள்தான். "உனக்கு?"

"எரியுது," என்றான். வேட்டி முடிந்த இடத்துக்கு அப்பால், வெறும் நிலத்தைக் கண்ணால் காட்டினான்.

ஐயர் முகூர்த்தம் போகுது என்று சத்தம் போட்டார். நான் தவத்தின் கையிலிருந்து செம்பை வாங்கி, மிச்சத் தண்ணி முழுவதையும் அந்த இடத்தில் ஊற்றினேன்.